கண்ணாடியை மட்டும் மாற்றாதீர்கள்!

பழைய கார் வைத்திருப்பவர்கள் எஞ்ஜினைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். கியர் பாக்ஸ் எங்கே கிடைத்தது, பெயிண்ட் யார் அடித்தது, பழைய முகப்பு விளக்குக்காக எத்தனை ஊர் சுற்றினார்கள் என்று எல்லாக் கதையும் வரும். முன் கண்ணாடியைச் சுற்றி இருக்கும் ரப்பரைப் பற்றி யாராவது பேசிக் கேட்டதுண்டா? கண்ணாடி உடைந்தால்தான் அப்படி ஒன்று இருப்பதே ஞாபகத்துக்கு வரும். அப்போதும் என்ன நடக்கிறது? "ரப்பர் நல்லாத்தானே இருக்கு, அதையே திரும்பப் போட்டுடுங்க" என்று சொல்லிவிடுகிறார்கள்.

வறண்ட ஊர்களில் இந்தச் சிக்கனம் சில வருடங்கள் தாங்கலாம். நாகூரில் தாங்காது. அங்கே அந்த ஒரு வரி, ஐம்பது வருடம் ஓடிய காரின் ஆயுளையே முடித்துவிடும்.

நாகூர் இருக்கும் இடத்தைப் பார்த்தாலே காரணம் புரியும். நாகப்பட்டினத்துக்கு வடக்கே சில கிலோமீட்டர் தூரத்தில், வெட்டாறு கடலில் சேரும் இடத்தில் இருக்கிறது ஊர். மேற்கே காவிரிப் படுகையின் வயல்கள், கிழக்கே வங்காள விரிகுடா. ஒரு பக்கம் ஈரம், இன்னொரு பக்கம் உப்பு. இரும்புக்கு இதைவிடக் கெட்ட இடம் கிடைக்காது! தர்காவுக்கும் கந்தூரிக்கும் வெளியூர்க்காரர்களை ஏற்றி வந்த அம்பாசடர்கள் ஒரு காலத்தில் இந்தக் கரையோர ஊர்களில் சாதாரணக் காட்சி. இந்துஸ்தான் மோட்டார்ஸ் மேற்கு வங்காளத்தின் உத்தரபாராவில் 1950களின் இறுதியில் தொடங்கி 2014 மே மாதம் வரை தயாரித்த கார் அது. இன்று மிச்சம் இருப்பவை வீட்டுக் கொட்டகையிலோ, ஆசையாக வைத்திருப்பவர்களிடமோதான் இருக்கின்றன. இனிமேல் புதிதாக ஒன்றுகூட வரப்போவதில்லை. அதனால் இருப்பதை எப்படிக் காப்பாற்றுவது என்பதுதான் கேள்வி.

அந்தக் கேள்விக்கான பதில் முன் கண்ணாடியின் ஓரத்தில் இருக்கிறது.

அந்த ரப்பர் என்ன வேலை செய்கிறது?

புத்தகங்களில் கேஸ்கெட் என்று இருக்கும். பட்டறையில் அதன் பெயர் பீடிங். அதன் குறுக்கு வெட்டு, ஆங்கில எச் எழுத்தைப் படுக்க வைத்தது போல இருக்கும். ஒரு பள்ளத்தில் கண்ணாடி உட்காரும். எதிர்ப் பக்கத்துப் பள்ளத்தில் காரின் தகட்டு விளிம்பு உட்காரும். அதாவது கண்ணாடி இரும்பை எங்கேயும் தொடுவதே இல்லை. இரண்டுக்கும் நடுவே ரப்பர் ஒரு மெத்தை.

இந்த மெத்தைக்கு இரண்டு வேலை. ஒன்று, மழைத் தண்ணீர் உள்ளே வராமல் தடுப்பது. இது எல்லோருக்கும் தெரியும். இரண்டாவது வேலைதான் பலருக்குத் தெரியாது. கார் குழியில் இறங்கி ஏறும்போது அதன் உடல் லேசாக முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கல் கண்ணாடிக்குப் போகாமல் ரப்பர் தாங்கிக்கொள்கிறது. இன்றைய கார்களில் கண்ணாடியைப் பசை வைத்து உடலோடு ஒட்டிவிடுகிறார்கள். கண்ணாடியும் காரின் பலத்தில் ஒரு பங்கு. பழைய கார்களில் அப்படி இல்லை. அங்கே கண்ணாடி ரப்பருக்குள் மிதக்கிறது. இந்த வித்தியாசத்தை மறந்தவர்கள்தான் பழைய காரில் தப்பு தப்பாக வேலை செய்கிறார்கள்.

சரி, ரப்பர் எப்படிக் கெடுகிறது? நாகூர்க்காரர்களுக்கு ரப்பர் புதிய பொருள் இல்லை. பக்கத்து நாகப்பட்டினம் துறைமுகத்திலிருந்துதான் தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் மலாயாவுக்குக் கப்பல் ஏறினார்கள். 1926ல் கட்டப்பட்ட ரஜூலா கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று போய் வந்ததைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். வியாபாரத்துக்குச் சபர் போனவர்கள் ஒரு பக்கம், தோட்டத்தில் பால் வெட்டப் போனவர்கள் இன்னொரு பக்கம். ரப்பர் என்பது மரத்தின் பால் என்று அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1839ல் சார்லஸ் குட்இயர் கண்டுபிடித்தபடி அந்தப் பாலைக் கந்தகத்தோடு சூடாக்கினால் உறுதியும் மீள்தன்மையும் வரும். ஆனாலும் அது மரத்தின் பொருள்தான். வெயிலும், காற்றில் இருக்கும் ஓசோனும் இயற்கை ரப்பரின் பின்னலை மெல்ல மெல்ல அறுத்துக்கொண்டே இருக்கும். முதலில் பளபளப்பு போகும். அப்புறம் மயிரிழை போல வெடிப்புகள் வரும். கடைசியில் கல் மாதிரி இறுகிவிடும்.

இறுகிய ரப்பர் பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும். கருப்பாக, முழுசாக, இடத்தை விட்டு நகராமல். இங்கேதான் ஏமாந்துபோகிறார்கள். நகத்தால் அழுத்திப் பார்த்தால் பள்ளம் விழுந்து திரும்ப எழ வேண்டும். எழவில்லை என்றால் அந்த ரப்பர் செத்துப்போய் வருடங்கள் ஆகிவிட்டன என்று அர்த்தம்.

கல்லே படாமல் கண்ணாடி விரிசல் விடுவது ஏன்?

"நிறுத்தி வைத்த காரில் கண்ணாடி தானாக விரிந்துவிட்டது" என்று சிலர் ஆச்சரியமாகச் சொல்வதுண்டு. கண் திருஷ்டி என்பார்கள். வெயில் என்பார்கள். பழைய காராக இருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது துருவை.

செத்த ரப்பருக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு நூல் இடைவெளி விழுந்தால் போதும். கடல் காற்றில் வரும் உப்பு அதற்குள் போய்ச் சேரும். உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் பொருள். மழை நின்று, கார் வெளியே காய்ந்துவிட்டாலும், ரப்பருக்கு அடியில் மட்டும் ஈரம் காயாது. துரு அங்கே தொடங்குகிறது. இரும்பு துருவாகும்போது தான் முன்பு அடைத்திருந்த இடத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். அந்த வீக்கம் ரப்பரைத் தள்ளும், ரப்பர் கண்ணாடியைத் தள்ளும். சுற்றிலும் சமமாக அழுத்தினால் கண்ணாடி பொறுத்துக்கொள்ளும். ஒரே புள்ளியில் அழுத்தினால் பொறுக்காது. மூலையிலிருந்து ஒரு கோடு கிளம்பிவிடும்.

ஆக, உடைந்தது கண்ணாடி. உடைத்தது துரு. துருவுக்குக் கதவைத் திறந்துவிட்டது ரப்பர். இப்படி இருக்கும்போது கண்ணாடியை மட்டும் மாற்றினால் என்ன பயன்? அதே துருப்பிடித்த விளிம்பில், அதே செத்த ரப்பரில், புதுக் கண்ணாடி போய் உட்காரும். அடுத்த விரிசல் எப்போது என்பது மட்டும்தான் பாக்கி.

கண்ணாடியோடு இது நிற்பதும் இல்லை. அம்பாசடருக்குத் தனிச் சட்டகம் கிடையாது. மோரிஸ் ஆக்ஸ்போர்டு வடிவத்தில் வந்த அந்த காரில் உடலேதான் சட்டகம். முன் கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் இருக்கும் தூண்கள்தான் கூரையைத் தாங்குகின்றன. ரப்பர் வழியாகக் கசியும் தண்ணீர் அந்தத் தூண்களின் அடியில் போய்த் தேங்கும். டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் வயர்களில் சொட்டும். தரை விரிப்புக்கு அடியில் இறங்கி, தரைத் தகட்டை ஓட்டை போடும். ஓட்டுபவர் காலடியில் தரை தெரிந்த பிறகு "கார் போச்சு" என்று இரும்புக் கடைக்கு எடை போடுவார்கள். அந்தக் கார் போனது அன்றைக்கா? முதல் சொட்டு உள்ளே விழுந்த அன்றைக்கே போய்விட்டது.

சிலிக்கான் என்னும் குறுக்கு வழி

பட்டறையில் அடிக்கடி கேட்கும் வசனம் ஒன்று உண்டு. "நானா, கண்ணாடி மட்டும் போட்டா போதும். சுத்தி சிலிக்கான் அடிச்சு விட்டுர்றேன். ஒரு சொட்டுத் தண்ணி வராது." சொல்பவர் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. வாடிக்கையாளருக்குச் செலவு குறையட்டும் என்றுதான் சொல்கிறார். ஆனால் விளைவு நேர் எதிர்.

கடைகளில் மலிவாகக் கிடைக்கும் சிலிக்கானை ட்யூபிலிருந்து பிதுக்கும்போது வினிகர் வாசனை வருகிறதே, கவனித்ததுண்டா? அது அசிட்டிக் அமிலம். அந்த வகை சிலிக்கான் காய்கிற நேரத்தில் அமிலத்தை வெளியே விடும். பெயிண்ட் உரிந்த இரும்பின் மேல் அதைப் பூசுவது துருவுக்கு விருந்து வைப்பதற்குச் சமம். போதாக்குறைக்கு, மேலே பூசிய சிலிக்கான் ஏற்கெனவே உள்ளே இருக்கும் உப்புத் தண்ணீரை வெளியே போகவிடாமல் பூட்டி வைக்கும். சொட்டு உள்ளே வராதது உண்மைதான். உள்ளே இருப்பது வெளியே போகாததும் உண்மை! அடுத்த முறை கண்ணாடியைக் கழற்றும்போது பெயிண்டும் சேர்ந்து உரிந்து வரும். நல்ல கண்ணாடியே உடையவும் கூடும்.

எந்தக் கண்ணாடி?

அடுத்த விவாதம் கண்ணாடியைப் பற்றியது. "ஒரிஜினலாக என்ன வந்ததோ அதையே போட வேண்டும்" என்பது பழைய கார் பிரியர்களின் வேதவாக்கு. கைப்பிடிக்கும், மீட்டருக்கும், பெயிண்ட் நிறத்துக்கும் அது சரி. முன் கண்ணாடிக்கு மட்டும் அந்த வாதத்தை ஏற்க முடியாது.

காரணம் இதுதான். பழைய வண்டிகள் பலவற்றில் இருந்தது டஃபன்டு கண்ணாடி. சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்துப் பலப்படுத்திய கண்ணாடி. அடி பட்டால் அது முழுசாகப் பொடிப்பொடியாகிவிடும். ஓடுகிற வண்டியில் ஒரு கல் பட்டால் நொடியில் எதிரே பாதை தெரியாமல் வெள்ளையாகிவிடும். லேமினேட்டட் கண்ணாடி அப்படி இல்லை. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலம். உடைந்தாலும் துண்டுகள் படலத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். பாதை தெரியும், ஓரம் கட்டலாம். பிரெஞ்சுக்காரர் எதுவார் பெனடிக்டஸ் இதற்கு 1909ல் காப்புரிமை வாங்கிவிட்டார். இவ்வளவு பழைய கண்டுபிடிப்பை ஒரு பழைய காரில் வைப்பதில் என்ன தீட்டு?

சட்டமும் இங்கே ஒரு இடைவெளியை விட்டு வைத்திருக்கிறது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், முன் கண்ணாடி லேமினேட்டட் ஆக இருக்க வேண்டும் என்று சொன்னது, அந்த விதிகள் நடைமுறைக்கு வந்து மூன்று வருடங்களுக்குப் பிறகு தயாரான வண்டிகளுக்குத்தான். அதற்கு முந்தைய வண்டிகளுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி என்பது மட்டுமே நிபந்தனை. அதனால் 1970 அம்பாசடரில் டஃபன்டு போடுவது குற்றமில்லை. ஆனால் சட்டம் விட்டுவிட்டது என்பதற்காகக் கல் விட்டுவிடுமா?

இன்னும் பெரிய ஆபத்து பழைய ஜீப்புகளில் இருக்கிறது. அவற்றின் முன் கண்ணாடி தட்டையானது. வளைவு இல்லாததால் தெருமுனைக் கண்ணாடிக் கடையிலேயே அளவுக்கு வெட்டித் தந்துவிடுவார்கள். வெட்டித் தருவது எந்தக் கண்ணாடி? டஃபன்டு கண்ணாடியைப் பலப்படுத்திய பிறகு வெட்டவே முடியாது, வெட்டினால் நொறுங்கிவிடும். வெட்ட முடிவது லேமினேட்டட் அல்லது வீட்டு ஜன்னலுக்குப் போடும் சாதாரணக் கண்ணாடி. ஜன்னல் கண்ணாடி உடைந்தால் கத்தி கத்தியாகத்தான் உடையும். அதை முகத்துக்கு நேரே மாட்டிக்கொண்டு ஓட்டுவது ஒரிஜினலும் அல்ல, சிக்கனமும் அல்ல. கடையில் கேட்டு, ஓரத்தைப் பார்த்து, நடுவில் படலம் இருக்கிறதா என்று உறுதி செய்யாமல் வாங்கக் கூடாது. வளைந்த கண்ணாடியாக இருந்தால் மூலையில் பாதுகாப்புக் கண்ணாடிக்கான ஐ.எஸ். 2553 முத்திரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

லேமினேட்டட் வாங்கும்போது ஒரு சின்ன விஷயம். பழைய கண்ணாடியின் தடிமனும் புதியதன் தடிமனும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. ரப்பரின் பள்ளம் கண்ணாடிக்குப் பொருந்த வேண்டும். அதனால் கண்ணாடியை முதலில் வாங்கி, அளந்து, பிறகு அதற்கேற்ற பீடிங் வாங்குவதே புத்திசாலித்தனம். பழைய பீடிங்கில் ஒரு துண்டை வெட்டிக் கையோடு கொண்டுபோனால் வடிவம் தவறாது. ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பரில் செய்த பீடிங் கிடைத்தால் அதுவே நல்லது. வெயிலையும் ஓசோனையும் அது இயற்கை ரப்பரைவிட அதிகம் தாங்கும்.

வேலையை எப்படிச் செய்ய வேண்டும்?

பழைய ரப்பரைக் கத்தியால் அறுத்து எடுத்துவிட வேண்டும். அதைக் காப்பாற்றும் ஆசையில் நெம்பினால் விளிம்பும் கண்ணாடியும் கெடும். ரப்பர் வந்த பிறகு தெரிவதுதான் காரின் உண்மையான நிலைமை. நாகூரில் அந்த விளிம்பு சுத்தமாக இருந்தால் அது அதிர்ஷ்டம். மேலாக இருக்கும் துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவி உப்பைப் போக்கி, நன்றாகக் காய வைத்து, பிரைமர் அடித்து, அதன் மேல் பெயிண்ட் அடிக்க வேண்டும். ஓட்டை விழுந்திருந்தால் டிங்கரிடம் கொடுத்துப் புதுத் தகடு வெல்டு செய்ய வேண்டும். பட்டி பூசி மறைப்பது வேலையே அல்ல. பட்டி ரப்பரின் இழுப்பைத் தாங்காது.

பெயிண்ட் முழுதாக இறுகச் சில நாட்கள் விட வேண்டும். இந்தச் சில நாட்களைத்தான் யாரும் தருவதில்லை. "காலையில் விட்டேன், சாயங்காலம் எடுத்துக்கணும்" என்று நிற்கிறார்கள். அவசரப்படுத்துவது வாடிக்கையாளர், பழி மட்டும் பட்டறைக்கு!

மாட்டும் முறை அழகானது. பீடிங்கைக் கண்ணாடியைச் சுற்றி மாட்டி, வெளிப் பள்ளத்தில் ஒரு நைலான் கயிற்றைச் சுற்றிலும் பதித்து, இரண்டு முனைகளையும் கீழே நடுவில் உள்பக்கமாக விட்டுவிடுவார்கள். சோப்புத் தண்ணீர் தடவுவார்கள். கிரீஸோ எஞ்ஜின் ஆயிலோ தடவக் கூடாது. இயற்கை ரப்பர் எண்ணெயைக் குடித்து ஊதிவிடும். ஒருவர் வெளியே நின்று உள்ளங்கையால் கண்ணாடியை அழுத்த, இன்னொருவர் உள்ளே உட்கார்ந்து கயிற்றை மெதுவாக இழுப்பார். கயிறு வர வர ரப்பரின் உதடு விளிம்பைத் தாண்டி உள்ளே மடங்கி உட்காரும். ஒருவர் அவசரப்பட்டாலும் மூலையில் கண்ணாடி போய்விடும். இரண்டு பேரின் கையும் ஒரே வேகத்தில் போக வேண்டிய வேலை இது. புத்தகத்தைப் படித்து வருவதில்லை, செய்து செய்துதான் வரும். ஒட்டுக் கண்ணாடிக் காலத்தில் இந்தக் கை குறைந்துகொண்டே போகிறது. தெரிந்தவர் ஊரில் இருந்தால் கேட்ட கூலியைக் கொடுப்பதே நியாயம்.

கடைசியில் ஒரு குடம் தண்ணீர். உள்ளே கீழ் ஓரத்தில் முகப் பவுடரைத் தூவிவிட்டு வெளியே தண்ணீர் ஊற்றினால், கசிவு இருந்தால் பவுடரில் கோடு விழும். அதைப் பார்க்காமல் வண்டியை எடுக்கக் கூடாது.

காலமும் முக்கியம். நாகை மாவட்டத்துக்கு மழையின் பெரும்பகுதி அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவத்தில்தான் வருகிறது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்ததும் இந்தப் பருவத்தில்தான். கோடையில் செய்தால் பெயிண்ட் காயும், ரப்பரும் இளகிக் கொடுக்கும். ஐப்பசியில் கசிவு கண்டு பட்டறைக்கு ஓடுவதைவிடச் சித்திரையில் செய்துவிடுவது மேல்.

"இதற்கு இவ்வளவு செலவா?"

வரத்தான் செய்யும் இந்தக் கேள்வி. ரப்பர், வெல்டிங், பெயிண்ட், கூலி எல்லாம் சேர்ந்தால் கண்ணாடி விலையைத் தாண்டிவிடலாம். ஊருக்குள் வாரத்துக்கு ஒருமுறை எடுக்கும் காருக்கு இது தேவையா என்று கேட்பதில் தப்பில்லை. ஆனால் எடுக்காமல் நிறுத்தி வைத்த காரில்தான் ஈரம் அதிகம் தங்குகிறது என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு பழமையான வாகனங்களுக்கென்று தனிப் பதிவு முறையை அறிவித்தது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய இரண்டு சக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கு 'விஏ' என்ற எழுத்துகளோடு தனி எண். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய், பத்து வருடச் செல்லுபடி. வாடகைக்கு ஓட்டக் கூடாது. அதற்கான முக்கிய நிபந்தனை, வண்டி பழைய வடிவத்திலேயே இருக்க வேண்டும். சேசிஸ், உடல் கூடு, எஞ்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. இதில் ரப்பரும் இல்லை, கண்ணாடியும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரிஜினலாக இருக்க வேண்டியது உடல் கூடு. அதைத் துரு தின்னாமல் காப்பதற்குத்தான் ரப்பர். ரப்பரை ஒரிஜினலாக வைத்துக்கொண்டு உடலை இழப்பது, குடையை நனையவிடாமல் மடக்கி வைத்துக்கொண்டு மழையில் நடப்பது போல!

நாகூர் தர்காவின் உயரமான மினாரா 131 அடி. தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங் பதினெட்டாம் நூற்றாண்டில் கட்டியது. அதே உப்புக் காற்றில்தான் அதுவும் நிற்கிறது. சுண்ணாம்பும் பூச்சும் கண்டுகொண்டே இருப்பதால் நிற்கிறது. மேல்பூச்சு போனால் புதுப்பூச்சு போடுவதை யாரும் பழமைக்கு விரோதம் என்று சொல்வதில்லை.

காருக்கும் அதே நியாயம்தான். தேய வேண்டியது தேயட்டும், மாற்ற வேண்டியதை மாற்றுங்கள். அடுத்த முறை கண்ணாடி விரிந்தால், கண்ணாடிக் கடைக்குப் போவதற்கு முன் அந்த ரப்பரை ஒருமுறை நகத்தால் அழுத்திப் பாருங்கள். பள்ளம் எழவில்லை என்றால் கண்ணாடியை மட்டும் மாற்றாதீர்கள்!